திருக்குணகிரியும் தெருவீடுகளும்

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் நெடுஞ்சாலையில் அடுத்து வரும் ஊர் அனுமந்தன்பட்டி. இருபுறமும் மலைத்தொடர்கள் அரண்போல் நிற்க, நடுவே முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் பேரூராட்சிகளுள் அதுவும் ஒன்று. 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டபின் இப்பகுதி இருபோக நெல்விளையும் நிலமாயிற்று. பின்னர்ப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் பெருகின. 2023-இல் அத்திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது அதே வயல்களின் வரப்புகளில் வண்ணம் பூசிய எல்லைக் கற்கள் முளைத்து வருகின்றன. புறவழிச்சாலைகள் வந்தபின் சாலையோர நிலத்திற்கு மனைவிலை என்றும் வயல்விலை என்றும் இரு விலைகள் பேசப்படுகின்றன. தமிழகத்தின் மற்ற சிற்றூர்களில் நிகழ்வதே இங்கும் நிகழ்கிறது.

மகாவீரர் பிறந்தநாள் மலரில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அனுமந்தன்பட்டிக்கு அண்மையில், உத்தமபாளையத்தின் ஓரத்தில், நம் முன்னோர் திருக்குணகிரி என்று அழைத்த பாறைக்குன்று இருக்கிறது. அதன் முகப்பில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இரு வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. நாகப்படத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதரை முதற் பார்வையிலேயே அறிந்துகொள்ளலாம். முக்குடையின் கீழ் அமர்ந்த உருவங்களும் உள. அவற்றை ஒட்டி வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. காலம் கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகள்.

அக்கல்வெட்டுகளில் அச்சணந்தி முனிவரின் பெயர் வருவது பெரிதும் கருதத்தக்கது. வடக்கே வள்ளிமலை தொடங்கி, மதுரைச் சுற்றுவட்டத்து ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலை, தெற்கே ஏர்வாடி, குமரி மாவட்டத்துச் சிதறால் வரை இதே பெயர் பாறைகளில் எழுதப்பட்டுள்ளது. பக்தி இயக்கம் ஓங்கி, மன்னர் ஆதரவு குறைந்துவந்த காலத்தில், ஒரு துறவி ஊர் ஊராகச் சென்று அருகன் திருவுருவைக் கல்லில் நிலைநிறுத்தச் செய்தார். கம்பம் பள்ளத்தாக்கு அவர் நடந்த பாதையில் இருந்தது. பாண்டிய நாட்டையும் சேர நாட்டையும் இணைத்த வணிகப் பெருவழி இப்பள்ளத்தாக்கின் ஊடே சென்றது என்பதை நினைத்தால், இங்கே ஒரு சமணப் பள்ளி அமைந்ததில் வியப்பில்லை. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்கள் இப்பகுதியின் எழுத்தறிவு எத்துணைத் தொன்மையானது என்பதைக் காட்டிவிட்டன.

இன்று இப்பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்ச் சமணர் ஊர் இல்லை. தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் உள்ள நம் குடும்பங்களுக்கு உத்தமபாளையம் ஒரு யாத்திரைத் தலமாகக்கூடப் பழக்கமில்லை. அப்படியாயின் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக அச்சிற்பங்களைக் காத்தவர் யாவர்? மக்கள் அப்பாறையைக் கருப்பணசாமி பாறை என்கின்றனர். கருப்பணசாமி குடிகொண்ட இடத்தில் கல்லுடைக்க எவருக்கும் கை வருவதில்லை. மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலையின் அடிவாரத்தில் அய்யனாரும் கருப்பரும் காவல் இருக்கின்றனர்; அங்குள்ள குகைக்குச் செட்டிப்புடவு என்பது ஊரார் இட்ட பெயர். திருவுருவத்தின் பெயரை மறந்தவர்களே திருவுருவத்தைக் காத்தார்கள். சில அன்பர்கள் இத்தகைய இடங்களில் ‘இது எங்களுடையது’ என்று பலகை நடவேண்டும் எனத் துடிக்கின்றனர். அது வேண்டாத வேலை என்பது என் கருத்து. ஊரார் வழிபாட்டை விலக்கினால் பாறைக்கு இருக்கும் இயல்பான காவலும் விலகிப்போகும்.

கருப்பணசாமிக்கு அடுத்த காவல் சட்டம். 1958-ஆம் ஆண்டு நடுவண் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கும், 1966-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி மாநிலத் தொல்லியல் துறை ஏற்றவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. நடுவண் அரசு 1992-இல் வெளியிட்ட அறிவிக்கையால் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டடம் எழுப்பத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டல் வேண்டும். 2010-இல் நாடாளுமன்றம் இதனைச் சட்டத்திலேயே சேர்த்துத் தேசியச் சின்னங்கள் ஆணையத்தையும் அமைத்தது.

விதி நல்லதே. ஆயினும், சின்னத்தின் அருகில் இரண்டு சென்ட் நிலம் வைத்திருக்கும் குடியானவர் கண்ணில் அது எப்படித் தெரியும்? தம் மகளுக்கு ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது. நிலத்தை விற்றால் விலை கிடையாது. நூறு மீட்டருக்கு அப்பால் மனை போட்டவரோ ‘மலைக்காட்சி’ என்று விளம்பரம் செய்து விற்கிறார். பாதுகாப்பின் சுமை ஏழையின் தலையிலும், அதன் அழகின் ஆதாயம் வேறொருவர் பையிலும் விழும்வரை, அந்தக் குடியானவர் சின்னத்தின் நண்பராக இருப்பார் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

மதுரை மாவட்டத்து மேலூர் வட்டத்தில் நடந்தது இதனினும் கொடிது. அங்கே வந்தவை கிரானைட் குவாரிகள். சமண முனிவர் படுக்கைகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் கொண்ட கீழவளவுப் பஞ்சபாண்டவர் மலையின் சுற்றுப்புறத்துக் குன்றுகள் பாளம் பாளமாக அறுக்கப்பட்டன. சின்னம் நின்றது, அதன் சூழல் பள்ளமாயிற்று. 2012-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையும், 2014-இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக அமர்த்தியதும், மறு ஆண்டு அவர் அளித்த அறிக்கையும் நாடறிந்தவை.

அதே வட்டத்து அரிட்டாபட்டி மக்கள் வேறு வழி சென்றனர். தம் ஊர்க் குன்றுகளையும் சுனைகளையும் குடைவரைக் கோயிலையும் சமணப் பாழியையும் பறவைகளையும் ஒன்றாகவே கண்டு போராடினர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 எக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிம நிலம் ஏலத்தில் விடப்பட்ட செய்தி வந்தது. ஊர்கள் திரண்டன, சட்டமன்றம் டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரியில் நடுவண் அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது. சமணர் ஒரு குடும்பம்கூட இல்லாத ஊர்கள் சமணப் பாழியையும் சேர்த்தே காத்தன என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் தகும்.

குன்றுகளுக்குக் கருப்பணசாமியும் சட்டமும் ஊர்மக்களும் உண்டு. வீடுகளுக்கு?

நம் வரலாற்றில் வீடு செய்த பணியை எண்ணிப் பாருங்கள். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையரிடம், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படிக்குமாறு சொன்னார். ஏடு கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. சமணக் கோட்பாடுகளைச் சொல்வார் யார் எனத் தேடியபோது, அதே ஊரில் சமணர் வாழும் தெரு இருப்பதை அறிந்தார். வீடூர் அப்பாசாமி நயினார் வீட்டுக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்ட நாளில் அவ்வீடு அலங்கரிக்கப்பட்டிருந்தது. சிந்தாமணியைப் படித்து முடித்த நிறைவு விழா என்று காரணம் சொன்னார்கள். தமிழ்நாட்டுப் புலவர் உலகம் மறந்திருந்த ஒரு காப்பியம் ஒரு வீட்டுக் கூடத்தில் ஓசையின்றி வழிவழியாக ஓதப்பட்டு வந்தது. 1887-இல் அந்நூல் அச்சில் வந்ததற்குச் சந்திரநாத செட்டியார் போன்ற நம் பெரியோர் தந்த விளக்கங்கள் பெருந்துணை. மடமோ அரண்மனையோ செய்யாததை ஒரு தெருவும் அதன் வீடுகளும் செய்தன.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் நமக்கு எஞ்சிய ஊர்களில் அத்தகைய தெருக்கள் இன்றும் உள்ளன. ஜினாலயத்தை நோக்கிய தெரு, இருமருங்கும் திண்ணை, உள்ளே முற்றம், மழைநீர் விழும் தொட்டி, பொழுது சாயுமுன் உணவு கொள்வதற்கு ஏற்ப வெளிச்சம் வருமாறு அமைந்த சமையற்கட்டு, பரணில் ஏட்டுச்சுவடிப் பெட்டி. இவ்வமைப்பில் நம் ஒழுக்கமே கட்டடமாக நிற்கிறது. ஆனால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது? வேளாண்மையை விட்டுப் படிப்பும் உத்தியோகமும் நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் நாம் சென்றுவிட்டோம். ஒரு வீட்டுக்கு ஏழு பங்குதாரர். எழுவரும் ஏழு ஊர்களில். ஓடு சரிந்தால் யார் மாற்றுவது என்பதில் ஓராண்டு போகும். அடுத்த மழையில் உத்திரம் நனையும். அதற்கடுத்த ஆண்டு சுவர் வெடிக்கும். அந்த வேளையில்தான் மனை வணிகர் வருகிறார். ஏழு கையெழுத்துகளையும் அவரே ஓடியாடி வாங்கித் தருகிறார். அண்ணன் தம்பியர் பத்தாண்டுகளாகக் கூடிப் பேசாததை அவர் பத்து நாட்களில் முடித்துவிடுவார்!

ஆகவே வணிகரை மட்டும் பழித்தல் பொருந்தாது. பழைய வீட்டின் தேக்குத் தூண், கதவுநிலை, கருங்கல் படி ஆகியவற்றுக்குத் தனி விலை உண்டு. செட்டிநாட்டு மாளிகைகள் பல இவ்வாறுதான் துண்டு துண்டாகக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. பரணில் கிடந்த ஏடுகளோ பழைய காகிதத்தோடு எடைக்குப் போகும்.

சட்டம் இங்கே துணை வருமா என்றால், மிகக் குறைவாகவே வரும். தொல்லியல் சட்டங்கள் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே உரியவை. நூற்றிருபது ஆண்டு கண்ட ஒரு நயினார் வீடு எந்தப் பட்டியலிலும் இராது. பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஆணையம் அமைக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2012-இலேயே இயற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2024-இல்தான். அதே 2024-ஆம் ஆண்டு ஜூலையில், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையவழி உடனடி அனுமதி வழங்கும் முறை வந்தது. வீடு கட்டுவோர் அலைச்சல் குறைந்தது, நன்மைதான். அவ்விடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்கும் வாய்ப்பும் அதனோடு குறைந்தது.

பெருநகரிலேயே நிலைமை எவ்வளவு கடினம் என்பதற்குச் சென்னை அண்ணா சாலைப் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் சான்று. 1897-இல் டபிள்யூ. இ. ஸ்மித் என்னும் மருந்து வணிகருக்காகக் ‘கார்டில் கட்டடம்’ என எழுந்தது. செங்கல்லும் கோபுரங்களுமாக இந்தோ-சாரசெனிக் பாணியில் அமைந்தது. 1934-இல் பாரத் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது. காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானபோது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உடைமையாயிற்று. 2006-இல் பாதுகாப்பற்றது என்று கூறி இடிக்கத் தொடங்கினர். இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது, இடிப்பு நின்றது. 2010 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், கட்டடத்தைக் காக்கவேண்டும் என்றும், நீதிபதி பத்மநாபன் குழு பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கக் குழு அமைக்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. வெற்றிதான். ஆனால் தீர்ப்புக்குப் பின்னும் ஆண்டுகள் பல அக்கட்டடம் பழுது நீங்காமல், சுவரில் ஆலஞ்செடி முளைக்க நின்றது. இடிக்காதே என்று நீதிமன்றம் சொல்லலாம். பேணு என்று சொன்னாலும் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பவர் வேறு ஒருவர் அல்லவா?

அந்தக் கூலிக்கு வழி கண்ட நகரங்களும் உண்டு. மும்பை 1995-இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கான விதிகளை வகுத்தபோது, உரிமையாளர் தம் இடத்தில் கட்ட முடியாமற்போகும் பரப்பை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்கலாம் என்று வைத்தது. அகமதாபாத்தும் இம்முறையைக் கைக்கொண்டது. 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமென இந்தியாவில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட அந்நகரின் கோட்டைப் பகுதியில் ‘போள்’ எனப்படும் குடியிருப்புத் தெருக்கள் உள. செதுக்கு வேலைப்பாடுள்ள மரவீடுகள், தெருவுக்கொரு வாயில், பறவைகளுக்குத் தானியம் இடும் கம்பம், வீடுகளுக்கிடையே வெளியில் தெரியாமல் அமைந்த சமணக் கோயில்கள். அங்கும் வாரிசுகள் புறநகருக்குப் போய்விட்டார்கள். அங்கும் தூண்கள் விலைபோயின. எனினும் கட்டும் உரிமையை விற்ற பணத்தில் பழைய வீட்டைச் செப்பனிட்டோர் உண்டு. நம் சிற்றூர்களில் அவ்வுரிமையை வாங்குவோர் இரார். ஆகவே அம்முறை அப்படியே நமக்குப் பொருந்தாது. வீட்டைக் காப்பவருக்கு ஏதேனும் கைவர வேண்டும் என்னும் கருத்து பொருந்தும்.

நம் அறக்கட்டளைகளைப் பற்றியும் ஒரு சொல். புறத்தே இருந்து வரும் இடிப்பைப் பேசும் நாம், நாமே செய்யும் இடிப்புக்குத் திருப்பணி என்று பெயர் சூட்டுகிறோம். பழைய மண்டபத்துக் கல்தளத்தின்மேல் பளபளக்கும் கிரானைட் பலகை. சுதை உருவங்களுக்கு எனாமல் வண்ணம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதனை உள்ளேயே அடைத்துவிடும். சில ஆண்டுகளில் பூச்சு நன்றாக இருக்க, உள்ளிருக்கும் செங்கல் மாவாய் உதிரும். நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல்லுக்கு இடம் செய்யப் பழைய கல்வெட்டு அகற்றப்பட்ட கோயில் எதுவும் நம்மிடையே இல்லை என்று எவரேனும் உறுதி கூறுவாராயின் மகிழ்வேன்.

நம் முன்னோர்க்குத் திருப்பணி என்றால் என்ன பொருள் என்பதைக் கல்வெட்டுகளே காட்டுகின்றன. ஐவர்மலையில் சகம் 792, அதாவது கி.பி. 870-இல், இரண்டாம் வரகுணபாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கினார். வழிபாட்டுச் செலவுக்கு 505 காணம் பொன் வைத்தார். அதே நூற்றாண்டில், சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் சித்தன்னவாசல் குடைவரையின் அகமண்டபத்தைப் புதுக்கி, முன்னே ஒரு முகமண்டபம் எடுத்தார். இருவரும் பழையதை அகற்றிப் புதிது செய்தவரல்லர். சாந்திவீரர் இன்னொன்றும் செய்தார்: புதுக்கியதோடு நில்லாமல், அது நடந்துகொண்டிருப்பதற்குப் பொருளும் வைத்தார். பாரத் இன்சூரன்ஸ் தீர்ப்பில் இல்லாதுபோன 505 காணம் அது.

நம் குடும்பங்கள் வீடுகளுக்கும் இம்முறையை மேற்கொள்ளலாம். பங்கு பிரியாத வீட்டை விற்றே ஆகவேண்டிய நிலை எல்லோருக்கும் இல்லை. பங்குதாரர் எழுவரும் ஆண்டுக்கொரு சிறு தொகையை ஊர் அறக்கட்டளையிடம் வைத்து, ஓடு மாற்றவும் தளத்துக்குச் சுண்ணாம்பு இடவும் பொறுப்புக் கொடுக்கலாம். மேல்சித்தாமூர் விழாவுக்கும் பொன்னூர்மலை யாத்திரைக்கும் வருவோர் தங்குவதற்கு அத்தகைய வீடுகளைக் குத்தகைக்கு விடலாம். விற்பதே முடிவாயின், விலை பேசுமுன் பரணைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஏடுகளைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ஏற்றுக்கொள்ளும். வீட்டின் தரைப்படத்தையும் நிழற்படங்களையும், கட்டிய ஆண்டு, கட்டியவர் பெயர், மரம் வந்த இடம் முதலிய செய்திகளையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகச் சமணத் தலங்களைப் படமெடுத்துத் தொகுத்திருக்கிறது. அதனை மாதிரியாகக் கொண்டு தெருவீடுகளுக்கும் ஒரு தொகுப்பு செய்வது நம் இளைஞரால் இயலும். கைப்பேசியும் அளவுநாடாவும் போதும். ஊருக்கு இருவர் முன்வந்தால் கோடை விடுமுறைக்குள் ஒரு தெரு முடியும். சுண்ணாம்பு அரைக்கவும் கடுக்காய்நீர் கலக்கவும் தெரிந்த கொத்தனார்களின் பெயரையும் ஊரையும் அத்தொகுப்பிலேயே குறித்து வைத்தல் நலம்; அவர்களும் வீடுகளைப் போலவே குறைந்துவருகின்றனர்.